சிவப்பு அணைந்த பின்னும்: கண்ணாடி அடுப்போடு சில வாரங்கள்

ஜனவரி 5

புது வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. பெட்டிகள் பாதி பிரித்தபடி கிடக்கின்றன. சமையலறையில் எனக்குப் பழக்கமில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அடுப்பு. மேடையோடு மேடையாகப் பதித்த கறுப்புக் கண்ணாடி. பர்னர் இல்லை, தீ இல்லை, வெள்ளைக் கோட்டில் நான்கு வட்டங்கள் மட்டும். இத்தனை வருடம் காஸில் சமைத்த எனக்கு, டிவியைப் படுக்கவைத்து அதன்மேல் சமைக்கச் சொன்னது போல இருக்கிறது.

பால் காய்ச்ச வைத்தேன். வட்டம் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. திரும்பச் சிவந்தது, திரும்ப அணைந்தது. பழுதான அடுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் எட்டு வருடமாக இதே மாதிரி அடுப்புதான்.

சிரித்தாள். "அது அப்படித்தான்டி இருக்கும். இதுல சிம்முன்னு ஒண்ணு கிடையாது. எரிஞ்சா முழுசா எரியும், இல்லேன்னா அணைஞ்சிருக்கும். எவ்வளவு நேரம் எரியுது, எவ்வளவு நேரம் அணைஞ்சிருக்குங்கறதுதான் சிம்."

இதை இண்டக்ஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லையாம். இண்டக்ஷனில் பாத்திரம்தான் சூடாகும், பாத்திரத்திலிருந்து கண்ணாடிக்குச் சூடு இறங்கும். இதில் கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் காய்ந்து சிவக்கிறது. அந்த வெப்பம் கண்ணாடியையும் காயவைத்து, அதைத் தாண்டிப் பாத்திரத்துக்கு வருகிறது. அதனால் காந்தம் ஒட்டாத பாத்திரமும் இதில் வேலை செய்யும். கண்ணாடி கொதிக்கிற சூட்டுக்குப் போவதும் அதனால்தான்.

ஜனவரி 6

காஸில் குமிழைத் திருப்பினால் தீ போய்விடும். போய்விட்டது என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே சிவப்பு போனதும் வட்டம் பழையபடி கறுப்பாகிவிடுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. இன்று காலை அப்படிக் கறுத்திருந்த வட்டத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் கரண்டியை வைத்துவிட்டேன். எடுப்பதற்குள் அடிப்பக்கம் குழைந்து, நூல் நூலாக இழுத்தது.

ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, 'எச்' என்ற எழுத்து. தொட முடியாத சூடு இருக்கிறவரை அது எரியும். இன்று வேலை மெனக்கெட்டுக் கடிகாரம் பார்த்தேன். பெரிய வட்டத்தை முழுச் சூட்டில் ஓட்டி அணைத்த பிறகு, அது அணைய அரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

மகளுக்கு ஆறு வயது. "எச் எரிஞ்சா மேடைப் பக்கமே வரக் கூடாது" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை, அவள் அப்பாவுக்கும் சேர்த்து. அடுப்பை அணைத்தபின் பாத்திரத்தை அதன்மேலேயே விட்டுவிடுவது அக்காவின் பழக்கம். காலியான வட்டம்தான் ஆளை ஏமாற்றும் என்பாள்.

ஜனவரி 9

பழைய பாத்திரங்களில் பாதி இந்த அடுப்புக்கு ஆகவில்லை. அடி வீங்கிய பாத்திரம் கண்ணாடிமேல் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. அடிப்பாகத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடைவெளி பெரிதாகத் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். அடி படியாத இடத்தில் சூடு வீணாகிறது, சமைக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது.

ஜனவரி 13

இன்று ஒரே நாளில் மூன்று தப்பு.

பால் பொங்கி வழிந்தது. பழக்க தோஷம், உடனே ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். அது முதல் தப்பு. துணி பட்டதும் சீறிக்கொண்டு ஆவி கிளம்பி விரல்களைப் பிடித்துவிட்டது. குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். ஐஸ், வெண்ணெய், பேஸ்ட் எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரே போதும் என்று என் கணவர் பிடிவாதமாகச் சொன்னார். அதில் அவர் சரி. கொப்புளம் வரவில்லை, சிவப்போடு போயிற்று.

இரண்டாவது, பால் அப்படியே இருக்கும்போது மறுபடி அடுப்பைப் போட்டது. ஆடை தீய்ந்து, பழுப்பாகி, கறுப்பாகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதுதான் மனசு ஆறாதது. கம்பி நாரும் தேய்க்கிற பவுடரும் போட்டுத் தேய்த்தேன். கறை போனது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், மயிரிழை போல நூறு கீறல்கள், வட்டம் வட்டமாக, என் கை போன வழியிலேயே.

ஜனவரி 14

"கீறினது கீறினதுதான், இனிமேலாவது ஒழுங்கா செய்" என்று சொல்லிவிட்டு, அக்கா வீடியோ காலில் தன் அடுப்பைத் துடைத்துக் காட்டினாள்.

முதலில் 'எச்' அணைய வேண்டும். ஆறின கண்ணாடியில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு, ஈரத்துணி. அன்றாடப் பிசுக்குக்கு இதுவே போதும். ஒட்டிக்கொண்டதற்குப் பேக்கிங் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, மேலே ஈரத்துணியைப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுவது. அதற்கும் அசையாவிட்டால் பிளேடு சுரண்டி. நான் பிளேடு என்றதுமே பதறினேன். பிளேடு கீறாதாம், பிளேடைப் பிடிக்கிற விதம்தான் கீறுமாம். செங்குத்தாக நிறுத்தாமல் நன்றாகச் சாய்த்து, கண்ணாடியோடு படியவிட்டு, ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். முனை மட்டும் குத்தக் கூடாது. துருப்பிடித்த, பல் விழுந்த பிளேடைத் தொடவே கூடாது.

மாலையில் நானே செய்து பார்த்தேன். நேற்று விட்டுப்போன ஒரு கறுப்புத் திட்டு. பிளேடைச் சாய்த்து மெல்லத் தள்ளியதும், முதலில் அசையவில்லை. பிறகு ஒரு ஓரம் 'டிக்'கென்று கிளம்பியது. அப்புறம் உலர்ந்த பெயிண்ட் மாதிரி சுருளாக எழும்பிக்கொண்டு வந்தது. அடியில் கண்ணாடி பளபளவென்று, புதுசு போல. கை எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

கடைசியில் வெறும் தண்ணீரில் துடைத்துக் காயத் துடைக்க வேண்டும். இதை விட்டால் சோப்புப் படலம் அடுத்த சூட்டில் வெந்து வானவில் நிறத்தில் திட்டாகிவிடும். ஜன்னல் துடைக்கிற அமோனியா கலந்த திரவமும் பிளீச்சும் இதற்கு ஆகாது. உப்புத்தண்ணீர்க் கறைக்கு வினிகர்.

ஜனவரி 21

வட்டத்தில் சாம்பல் நிறக் கோடுகள். கீறலோ என்று பயந்தேன், நகத்தால் வருடினால் வழுவழுவென்றுதான் இருக்கிறது. அலுமினியப் பாத்திரத்தை இழுத்ததில் உலோகம் கண்ணாடியில் பென்சில் மாதிரி எழுதியிருக்கிறது. இந்த அடுப்புக்கென்றே விற்கிற கிரீமைப் போட்டுத் துணியால் தேய்த்ததில் போய்விட்டது. இனி எதையும் இழுப்பதில்லை, தூக்கி வைப்பதுதான். வார்ப்பிரும்புச் சட்டி என்றால் இரண்டு கையாலும்.

ஜனவரி 29

வாணலியில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது, அணைத்தேன், ஆனாலும் புகை கூடிக்கொண்டே போனது. அடியிலிருக்கிற வட்டம்தான் ஆறவில்லையே! உடனே பக்கத்து வட்டத்துக்குத் தூக்கி வைத்தேன். புகைகிறவரை இது சரி. தீயே பிடித்துவிட்டால் வாணலியை நகர்த்தக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. அணைத்துவிட்டு மூடியைப் பக்கவாட்டிலிருந்து சரித்து மூடி, முழுக்க ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். பொருத்தமான மூடி ஒன்றை இப்போது கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8

மகளுக்குப் பள்ளியில் சர்க்கரைப் படிகம் வளர்க்கிற சோதனை. பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. போய்விட்டு வருவதற்குள் பொங்கி வழிந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் 'ஆறட்டும், ஆறட்டும்' என்று சொன்ன அக்கா, இது ஒன்றுக்கு மட்டும் நேர்மாறாகச் சொல்லியிருந்தாள். சர்க்கரை என்றால் ஆறவே விடாதே. பாகு ஆறினால் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். இறுகும்போது சுருங்கும். சுருங்குகிற வேகத்தில் கண்ணாடியைச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் உருகினாலும் அலுமினியத் தாள் உருகினாலும் இதே கதைதான்.

அணைத்தேன். பாத்திரத்தை எடுத்தேன். மகளைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஓவனுக்குப் போடுகிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, நீளப் பிடி போட்ட சுரண்டியால் பாகைச் சூடான வட்டத்திலிருந்து ஆறின பகுதிக்குத் தள்ளினேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் பிளேடில் கம்பிப் பதமாக நூல் இழுத்தது. துடைத்துவிட்டு மறுபடி. வேர்த்து ஊற்றியது. வட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது, வட்டத்தின் விளிம்பில் ஒரு சொட்டைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அது ஏற்கெனவே கண்ணாடி மணியாகிவிட்டது.

பிப்ரவரி 9

அந்தச் சொட்டு காலையில் தானாகவே கழன்று கிடந்தது. அதன் அடியில் கடுகளவு பள்ளம். விரலால் தடவினால் சுருக்கென்கிறது. சர்க்கரை மணியைத் திருப்பிப் பார்த்தேன், அதன் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். படிகச் சோதனையைவிட இதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 20

மேல் அலமாரியிலிருந்து உப்பு ஜாடி நழுவி விழுந்தது. ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து முன்வட்டம்வரை ஒரு விரிசல், தலைமுடி அளவுதான்.

"பின்வட்டம் நல்லாத்தானே இருக்கு, அதில் சமைக்கலாமே?" என்றார் அவர். கூடாது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடியில் மின்சாரம் ஓடுகிற பாகங்கள். மேலே நனைந்த கை. பசை போட்டு ஒட்டுகிற சமாசாரமும் இல்லை இது. பிரேக்கரை இறக்கிவிட்டு, யாரும் மறந்துபோய்த் தூக்கிவிடாதபடி டேப் ஒட்டிவைத்தேன். புதுக் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகுமாம்.

பிப்ரவரி 21

சமையல் இல்லாத இரவு. இந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு கெட்டு 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்தால், துண்டு வெள்ளையாக, வடிவம் கெடாமல் இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் விளைந்திருந்தன. அந்த வழியில் வந்ததுதான் கண்ணாடிப் பீங்கான். ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1971-இல் இதே வகைப் பொருளில் அடுப்புத் தட்டு கொண்டுவந்தது.

சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரியும். அடுப்புத் தட்டுக்குள் இருக்கிற படிகங்களோ சூட்டில் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட, மொத்தத் தட்டு ஏறக்குறைய விரிவதே இல்லை. அதனால்தான் நடுவில் செக்கச்செவேலென்று சிவந்தும் ஓரத்தில் குளிர்ந்தும் ஒரே தட்டு தாங்குகிறது. சூட்டுக்கு அசையாத தட்டு, ஒரு ஜாடி குறுகலான அடியோடு விழுந்ததற்குப் போய்விட்டது. ஸ்டூக்கியின் துண்டு தப்பித்தது அதன் அதிர்ஷ்டம்.

பிப்ரவரி 27

பழுது பார்ப்பவர் வந்தார். பிரேக்கர் இறங்கியிருக்கிறதா என்று அவரே ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய தட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நான்கு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இதையா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம்!

உள்ளே நான்கு வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் நெளிநெளியாகப் பட்டைக் கம்பி. அதன் குறுக்கே, விட்டத்தோடு, ஒரு மெல்லிய கோல்.

"இதைப் பாத்தீங்களாம்மா? சூடு எல்லை மீறினா இதுதான் கம்பியை அணைக்கும். உங்க எச் விளக்கை எரியவைக்கறதும் இதுதான்" என்றார்.

அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். எட்டு வருடத்தில் அவளும் உள்ளே பார்த்ததில்லையாம்.

புதுத் தட்டில் ஒரு கீறல் இல்லை. கடுகுப் பள்ளம் பழைய தட்டோடு போய்விட்டது, சில்லு மட்டும் தீப்பெட்டியில் இருக்கிறது. அவர் போனதும் மேல் அலமாரியைக் காலி செய்து ஜாடிகளையெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மேலே இப்போது காகிதத் தட்டுகளும் கைத்துடைப்புத் துணிகளும்தான்.