உளவியல் பிஎச்.டி.: விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய அலைச்சல்

உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, பாடநெறி வகுப்புகளும் தொடங்கிவிட்டன. தேசியத் தகுதித் தேர்வான நெட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார்ந்து படித்தால் எழுதிவிடலாம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த வழிகாட்டியிடம் விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்த கட்டம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. முதுகலை முடித்துவிட்டு அடுத்த அடியை யோசிப்பவர்கள், அதிலும் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், வீண் செலவு செய்யாமல் இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் ஊர் பாம்பன். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சிறையில் இருக்கும் மீனவர்களின் மனைவியர், அந்த மாதங்களை எப்படிக் கடக்கிறார்கள் என்பதைத்தான் ஆராய விரும்பினேன். எங்கள் தெருவிலேயே அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. தலைப்பு முன்கூட்டியே மனத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் பல துறைகளில் தலைப்பைத் தீர்மானிப்பவர் வழிகாட்டிதான் என்பதால், அதையே ஒரு குறையாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கடற்கரைக்குப் போய் அலைவானேன், கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து மனவெழுச்சி நுண்ணறிவை அளந்துவிட்டால் சீக்கிரம் முடித்துவிடலாமே என்று ஒருவர் தொலைபேசியில் அக்கறையோடு எடுத்துச் சொன்னார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஆய்வில்தான் எனக்கு விருப்பமில்லை.

உளவியலுக்கென்று தனித் துறை வைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 1943-இல் துறை தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் பாரதியார், சேலம் பெரியார், சிதம்பரம் அண்ணாமலை ஆகியவற்றோடு திருவாரூரிலும் புதுச்சேரியிலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்து ஒரு பட்டியல் எழுதினேன். தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸையும் எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். அடித்ததற்குக் காரணம் உண்டு. மருத்துவ உளவியலராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு வேண்டும். அந்தப் பதிவு, மன்றம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சிப் படிப்பைப் படித்தவர்களுக்கே கிடைக்கும். பொதுவான உளவியல் பிஎச்.டி. எத்தனை பெரிய இடத்தில் வாங்கியதாக இருந்தாலும் அதற்கு உதவாது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் அந்தப் பாதையில் போங்கள். முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். பொதுவாக நிறுத்தப்பட்டபோதும் மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு அளித்தது. அதற்குப் பிந்தைய ஏற்பாட்டை ஆர்.சி.ஐ. அறிவிப்பில் நேரடியாகப் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு ஆய்வும் ஆசிரியப் பணியும்தான் வேண்டும் என்பதால் பிஎச்.டி. போதும் என்று முடிவு செய்தேன். ‘மனசு டாக்டருக்குப் படிக்கிறா’ என்று ஊரார் சொல்வதை இன்றுவரை என்னால் திருத்த முடியவில்லை.

இனி அந்த வீண் பயணம். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அவர்களுடைய இணையதளத்தில் வழிகாட்டிகளின் பட்டியலும், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே காலியிட எண்ணிக்கையும் இருந்தன. நான் தேர்ந்தெடுத்த பேராசிரியர் பேரிடருக்குப் பிந்தைய மனநலம் குறித்து எழுதியிருந்தார். அவர் பெயருக்கு எதிரே இடம் இருப்பதாகவே போட்டிருந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன், ஆய்வு முன்மொழிவோடு நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. அது 2025 மார்ச் மாதம். புதிய பாம்பன் பாலம் திறக்கப்படாததால் தீவுக்குள் அப்போது ரயில் வரவில்லை. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ பேருந்தில் போக வேண்டியிருந்தது. இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் பேருந்து நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு துறைக்குப் போனால், பேராசிரியர் விடுப்பில் இருந்தார். ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னார்கள். அங்கிருந்த எழுத்தர் நான் நீட்டிய தாளை வாங்கவே இல்லை.

“ஏம்மா, சாருக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. அவருகிட்ட புதுசா யாரையும் சேர்க்க முடியாது.”

“இணையதளத்துல இடம் இருக்குன்னு போட்டிருக்கே, சார்?”

“அது பழைய லிஸ்ட்டு. அதையெல்லாம் பார்த்துட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. அவர்களுடைய பட்டியலை நம்பாமல் வேறு யாருடைய பட்டியலை நம்புவது? விதி என்னவோ அவர் சொன்னதுதான். 2022 நவம்பரில் வெளிவந்த யு.ஜி.சி.யின் பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகளின்படி, பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அது பேராசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஏன் வரச் சொன்னார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதே விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, வழிகாட்டியின் ஓய்வுத் தேதி, இப்போது அவரிடம் பதிவு செய்திருப்பவர்களின் எண்ணிக்கை, வரும் சேர்க்கையில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்ற விவரம் ஆகியவற்றைத் துறைத் தலைவரிடமிருந்து மின்னஞ்சலிலேயே வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் அலுவலகத்தில் செல்லாது. கட்டிய கட்டணம் திரும்பி வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும் வழியில், கைபேசியிலேயே சோத்கங்கா தளத்தைத் துழாவத் தொடங்கினேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தத் தளத்தை மேற்கோள் தேடத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வழிகாட்டியை எடைபோட அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரிசையாக வரும். தலைப்புகளைப் படித்தாலே, மாணவர்களைத் தங்கள் தலைப்பில் போக விடுகிறாரா, ஒரே அச்சில் வார்க்கிறாரா என்பது விளங்கிவிடும். பதிவு செய்த ஆண்டும் முடித்த ஆண்டும் இருந்தால் எத்தனை காலம் இழுத்தது என்பதும் தெரியும். விதிப்படி குறைந்தபட்சம் மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. நான் கூடுதலாக இன்னொன்றும் செய்தேன்: ஆய்வேட்டின் நன்றியுரையைப் படித்தேன். வழிகாட்டிக்கு இரண்டே வரியில் நன்றி சொல்லிவிட்டு, சக ஆய்வாளர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்த ஆய்வேடுகளைப் பார்த்ததும் அந்தப் பெயர்களுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன். இது அறிவியல்பூர்வமான முறையல்ல என்று என் தோழி சிரித்தாள். சிரிக்கட்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒரு தாளை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். நம் கையிலிருக்கும் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும், மத்திய அரசின் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். முதுகலையில் கேட்கப்படும் 55 சதவீதத்தில் ஐந்து சதவீதத் தளர்வும் அந்தத் தாளை வைத்துத்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது எளிது. விசாரணைக் கட்டத்தில்தான் சிக்கிக்கொண்டேன். அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள்.

“விசைப்படகுல பங்குக்குப் போறாரு, சார். பங்குக்கு ஏது சீட்டு?”

“அப்போ வருமானத்தை எதை வச்சு எழுதறது?”

மீனவர் நல வாரிய அட்டையையும் முன்பு வாங்கிய வருமானச் சான்றையும் காட்டிய பிறகும், விண்ணப்பம் போதிய ஆவணம் இல்லை என்று ஒருமுறை திரும்பிவிட்டது. இன்னொரு அலுவலர் அதே தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட்டார். விதி மாறவில்லை, மேசைதான் மாறியது. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி போய்விட்டது. நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழைத்தான் பெரும்பாலும் ஏற்கிறார்கள் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுவது உத்தமம்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வருவதால், அவர்கள் எங்கும் கம்பீரமாகப் போகலாம். நான் தேறியது பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமான பிரிவில். 2024 ஜூன் தேர்வு முதல் வந்த இந்த ஏற்பாட்டில், நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தத் தகுதி ஓராண்டுக்குத்தான் செல்லும். கையில் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி தேடுவது பெரும் பதற்றம் என்பதால், முடிவு வருவதற்கு முன்பே தேடலைத் தொடங்கிவிடுங்கள். நெட் உதவித்தொகை இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கும். அதற்காகவே திருவாரூரைப் பட்டியலின் மேலே வைத்திருந்தேன். கீழக்கரைத் தோழி ஒருத்தி சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நம்பியிருந்தாள். 2022-இல் ஒன்றிய அரசு அதை நிறுத்திவிட்டது. இப்போது அவள் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேர முயல்கிறாள். அதற்கு வேலை கொடுத்தவரின் தடையில்லாச் சான்று வேண்டும். ‘ஒரே ஆண்டில் பிஎச்.டி.’ என்று கைபேசிக்கு வரும் விளம்பரங்களைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். விதிகளை மீறிப் பட்டம் கொடுத்ததற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்தாண்டுகளுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யு.ஜி.சி. தடை விதித்தது.

கடைசியில் நான் சேர்ந்த இடம் என் முதல் பட்டியலிலேயே இல்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறை. வழிகாட்டி ஓர் உதவிப் பேராசிரியர். அவரிடம் முன்பு முடித்த ஒருவரின் ஆய்வேட்டைச் சோத்கங்காவில் பார்த்து, அந்த ஆய்வாளரிடமே பேசி விசாரித்த பிறகுதான் அவருக்கு எழுதினேன். இணைப்புக் கல்லூரி என்றால் மதிப்புக் குறைவு என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டு அனுபவமும் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் உள்ள உதவிப் பேராசிரியர் வழிகாட்டலாம் என்று விதியே சொல்லும்போது, பெரிய பெயரின் பின்னால் ஓடி எட்டில் ஒருவராக நிற்பதைவிட நால்வரில் ஒருவராக இருப்பது எனக்கு மேலாகப் பட்டது.

முதல் சந்திப்பில் அவர் என் முன்மொழிவைப் படித்துவிட்டு, தரவு சேகரிக்க எந்த மாதங்களைக் குறித்திருக்கிறேன் என்று கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், வீடுகளில் எல்லோரும் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். “அந்த ரெண்டு மாசமும் வீட்டுல வருமானம் இருக்காதேம்மா. அப்போ நீங்க அளக்கப்போறது கைது தந்த கவலையையா, காசு இல்லாத கவலையையா?” என்றார். வேறு யாரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. தடைக்காலத்திலும் அது முடிந்த பிறகும் என இரண்டு முறை சந்திப்பது என்று அங்கேயே உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம்.

நேர்காணலில், கல்லூரி மாணவர்களை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எதிர்பார்த்தபடியே ஒருவர் கேட்டார். இரண்டு கட்டத் திட்டத்தை விளக்கியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சேர்க்கை ஆணை வந்தது, கட்டணம் கட்டினேன், பதிவும் முடிந்தது. முதுகலை படித்த இடத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழ் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள்.