கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லாமே 'ஆர்'

அப்பாவை ஐசியூவில் சேர்த்தபோது அவர் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே சிண்ட்ரோம் வந்து கை கால் விழுந்தது. மூச்சு விடும் தசைகளும் தளர்ந்ததால் வெண்டிலேட்டர் வைத்தார்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல் அடித்தது. குழாயில் உறிஞ்சி எடுக்கிற சளி மஞ்சளாகிக் கெட்டிப்பட்டது. ஆக்ஸிஜனைக் கூட்டினார்கள்.

வெண்டிலேட்டர் வைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவை டாக்டர்கள் 'விஏபி' என்கிறார்கள். அப்பாவுக்கு விழுங்கவும் இருமவும் தெம்பில்லை. வாயில் தேங்கும் எச்சில் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். குழாயின் உட்புறத்தில் கிருமிகள் பாசி மாதிரி படிந்துவிட்டால், மருந்து அங்கே சரியாக எட்டாது.

சளியில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பித்தார்கள். ரிப்போர்ட்டை டாக்டர் என்னிடமே காட்டினார். கிருமியின் பெயர் அசினெட்டோபாக்டர் பௌமானி. கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள். எதிரே ஆர், ஆர், ஆர். அந்த மருந்துக்கெல்லாம் கிருமி அடங்காது என்று அர்த்தம். மெரோபெனத்துக்கும் ஆர்தான். கோலிஸ்டின் என்ற மருந்துக்கு மட்டும் 'ஐ', அதாவது இடைப்பட்ட நிலை. "இதுவும் அரைகுறையா சார்?" என்று கேட்டேன். அமெரிக்க விதிமுறைப்படி 2020 முதல் அந்த மருந்துக்கு 'எஸ்', அதாவது கிருமி அடங்கும் என்ற பிரிவே கிடையாது, கிடைக்கக்கூடிய நல்ல முடிவே 'ஐ'தான் என்று விளக்கினார்.

கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் பல காலம் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து. நரம்பு, தசைத் தளர்ச்சியும் வரலாம் என்பதால் அப்பா விஷயத்தில் இரட்டைப் பயம். வேறு வழியில்லாதபோது எடுக்கிற இந்த மருந்தைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். 2019-இல்தான் மத்திய அரசு தடை போட்டது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியதும் கோலிஸ்டின் டோஸை மாற்றினார்கள்.

மருந்து பாதி வேலைதான் செய்தது என்பது என் எண்ணம். மீதி, அந்த அறையில் தினமும் நடந்தது. தலைப்பக்கம் கட்டில் எப்போதும் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கும். ஒரு சிஸ்டர் உள்ளே வந்தால் முதலில் சானிடைசரை விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் வரை தேய்ப்பார். காய்ந்த பிறகுதான் கிளவுஸ். இன்னொருவர் பக்கத்துக் கட்டிலைத் தொட்ட கிளவுஸோடு அப்பாவிடம் வந்தபோது, மாற்றச் சொல்லிக் கேட்டேன். முகம் சுளித்தார், ஆனாலும் மாற்றினார். கேட்கத்தான் வேண்டும். தினமும் ரவுண்ட்ஸில், "இன்னைக்குக் கொஞ்ச நேரம் தானா மூச்சு விட வச்சுப் பார்க்கலாமா?" என்றும் கேட்போம்.

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி செய்த பிறகு காய்ச்சல் விட்டது, எக்ஸ்ரே தெளிந்தது. ஆனால் அடுத்த கல்ச்சரிலும் அதே கிருமி. கோலிஸ்டினை நிறுத்தியதும் தம்பி பதறினான்: "அண்ணே, கிருமி இருக்குன்னு போட்டிருக்கே, ஏன் நிறுத்துறாங்க?" குழாயில் கிருமி குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு, நோயாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட் காகிதத்துக்கு மருந்து கொடுத்தால் அடுத்த கிருமி இதைவிட முரடாக வரும் என்றார் டாக்டர். காய்ச்சல் திரும்பவில்லை.

இப்போது அப்பா வீட்டில் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சேர்க்கும்போதே அதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.