மறியலும் தண்டனையும் ஒன்றல்ல

‘ஆளை மறியலில போட்டாச்சாம்’ என்று வெள்ளவத்தைச் சந்தையில் பேச்சு அடிபட்டால் போதும், கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்துவிட்டதாக முடிவுகட்டி விடுவார்கள். இலங்கையில் நம் பேச்சில் சிறை எல்லாமே மறியல்தான். கொழும்பின் வெலிக்கடைச் சிறையும் மறியல், மகசின் சிறையும் மறியல். பத்திரிகையில் வருவதோ விளக்கமறியல். வழக்கு விளங்கி முடியும்வரை, அல்லது பிணை கிடைக்கும்வரை, ஆளைத் தடுத்து வைத்திருப்பதற்குத்தான் அந்தப் பெயர். அது தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தளங்களையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே மறியல் என்றால் தெருவை மறித்துப் போராடுவது.

ஆளைக் குறிக்கும் சொல்லும் படிப்படியாக மாறும். பொலிஸ் பிடித்து நீதவான் முன் நிறுத்தும்போது அவர் சந்தேகநபர். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு வழக்கு நடக்கும்போது எதிரி. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு முதன்முதல் போகிறவர்கள் இந்த ‘எதிரி’யைக் கேட்டுத் திடுக்கிடுவதுண்டு. நீதிமன்றத் தமிழில் அதற்குப் பகையாளி என்ற பொருள் கிடையாது, குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பது மட்டுமே. தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி. கைதான மறுநாளே ‘குற்றவாளி பிடிபட்டார்’ என்று முகநூலில் போடுகிறவர்கள் இரண்டு படியை ஒரே தாவில் தாண்டுகிறார்கள். அவர் பிற்பாடு விடுதலையானாலும் அந்தப் பதிவு அப்படியே கிடக்கும்.

பிணையும் தண்டனையில் சேராது. ‘ஐம்பதாயிரம் தண்டம் கட்டி வெளிய வந்தான்’ என்று சொல்வார்கள். கட்டியது தண்டமல்ல, காசுப்பிணை. தவணைக்குத் தவணை ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்தபின் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் பற்றுச்சீட்டைத் தொலைக்கக் கூடாது. சரீரப்பிணை வேறு. அதில் காசு கைமாறாது. ‘இந்த ஆள் வராவிட்டால் இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு’ என்று இன்னொருவர் கையெழுத்து வைக்கிறார். பிணையாளியாக நிற்பவரிடம் அடையாள அட்டையோடு கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்றிதழும் கேட்பது வழக்கம். அது இல்லாமல் போய், பிணை கிடைத்த நாளிலும் ஆளை வெளியே எடுக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. தவணை என்றால் இங்கே வழக்குக்குக் கூப்பிடும் நாள். தமிழ்நாட்டில் வாய்தா என்பார்கள். அதைத் தவறவிட்டால் பிடியாணை பிறக்கும், பிணைக்காசும் பறிபோகலாம்.

சரி, உண்மையான தண்டனைக்கு வருவோம். செய்திகளில் அடிக்கடி காணும் வசனம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘எதிரிக்கு 2 வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, அதனை 5 வருடங்களுக்கு ஒத்திவைத்ததுடன், 10,000 ரூபா தண்டப்பணமும் 50,000 ரூபா நட்டஈடும் செலுத்துமாறும், தண்டப்பணம் செலுத்தத் தவறின் 3 மாதச் சாதாரணச் சிறைத்தண்டனை அனுபவிக்குமாறும் உத்தரவிட்டார்.’

இதில் அதிகம் பிழையாக விளங்கப்படுவது ‘ஒத்திவைத்த’ என்ற சொல். ஐந்து வருடம் கழித்து ஆளைக் கொண்டுபோய் உள்ளே போடுவார்கள் என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். அப்படியல்ல. அந்த ஐந்து வருடத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்யாமல் இருந்தால் இந்த இரண்டு வருடத்தை அனுபவிக்கவே தேவையில்லை. செய்தால் பழையதும் தலையில் விழும். வழக்கை ஒத்திவைப்பது வேறு, தண்டனையை ஒத்திவைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே வினையைப் போட்டுவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கடூழியம் என்றால் சிறையில் வேலை செய்தே ஆகவேண்டும். சாதாரணச் சிறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ‘தவறின் 3 மாதம்’ என்பது மேலதிகத் தண்டனையல்ல, தண்டப்பணம் கட்டாதவருக்கு மட்டும். வசதியில்லாதவர் அவகாசமோ பகுதி பகுதியாகக் கட்டும் வசதியோ தரும்படி மன்றைக் கேட்கலாம். அதைக் கேட்கத் தெரியாமலே சிறைக்குப் போகிறவர்கள் நம் நாட்டில் கொஞ்சநஞ்சமல்ல. தண்டப்பணம் அரசுக்குச் சேரும், நட்டஈடு பாதிக்கப்பட்டவருக்கு. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது. பல குற்றச்சாட்டுகளுக்குப் பல சிறைத்தண்டனைகள் விழுந்தால் ‘ஏககாலத்தில்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று தடவை இரண்டு வருடம் என்றாலும் ஏககாலத்தில் அனுபவித்தால் மொத்தம் இரண்டு வருடம்தான். தலைப்பில் ஆறு என்று போடும் தளங்களை என்ன சொல்ல!

வினைச்சொற்களும் இடம் மாறக்கூடாது. தண்டனையை நீதிபதி விதிக்கிறார், குற்றவாளி அனுபவிக்கிறார், அரசு நிறைவேற்றுகிறது. மரணதண்டனை விடயத்தில் இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. கொலைக்குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு இன்றும் மரணதண்டனையைத்தான் சொல்கிறது, மேல் நீதிமன்றங்களும் விதித்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் 1976 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ‘தூக்கு விதிக்கப்பட்டது’ சரி. ‘தூக்கிலிடப்பட்டார்’ என்று எழுதினால் பொய். மேல் நீதிமன்றம் என்றதும் இன்னொன்று: இந்தியாவில் மாநிலத்துக்குள் மேலே இருப்பது உயர் நீதிமன்றம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. சென்னைச் செய்தியின் சொல்லை அப்படியே எடுத்தால் வழக்கு இரண்டு படி தாவிவிடும்.

1883ஆம் ஆண்டின் அதே சட்டக்கோவையில் கசையடியும் ஒரு தண்டனையாக இருந்தது. 2005இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். பாடசாலைப் பிரம்படிக்கு எதிரான கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையும் அதே ஆண்டுதான். ஆனாலும் ‘ரெண்டு போட்டால்தான் படிப்பான்’ என்று பெற்றோரே வந்து சொல்லும் வழக்கம் போகவில்லை.

தெருவில் அதிகம் வாங்குவது பொலிஸ் துண்டு, அதாவது போக்குவரத்துக் குற்றத்துக்குப் பொலிஸ் எழுதும் தண்டச் சீட்டு. அந்த இடத்திலேயே எழுதும் தண்டத்தைப் பொலிஸ்காரர் கையில் கொடுப்பதில்லை. வழக்கமாகச் சாரதி அனுமதிப்பத்திரத்தை அவர் எடுத்துக்கொண்டு துண்டைத் தருவார். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 தாண்டினால் இரட்டிப்பு, 28 தாண்டினால் நீதிமன்றம். பத்திரம் திரும்பக் கைக்கு வரும்வரை அந்தத் துண்டுதான் தற்காலிக அனுமதிப்பத்திரம், அதுவும் 14 நாளுக்கு மட்டும். குடித்துவிட்டு ஓட்டினால் துண்டோடு முடியாது, நேரே நீதிமன்றம்தான்.

அரச அலுவலகத்தில் இதே குழப்பம் ‘பணித்தடை’யில் வரும். விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்பதுதான் பணித்தடை, அலுவலகத்தின் விளக்கமறியல் மாதிரி. பணிநீக்கம் என்பதோ முடிந்த தண்டனை. ஒழுங்கு இப்படிப் போகும்: முதலில் விளக்கம் கோருவார்கள், பிறகு குற்றப்பத்திரம், ஒழுக்காற்று விசாரணை, கடைசியில் கட்டளை. அந்தக் கட்டளையில் கண்டித்தல், சம்பள ஏற்றத்தைப் பிற்போடுதல், பணிநீக்கம் என்று எதுவும் வரலாம். விளக்கம் கோரும் கடிதத்தையே தண்டனை என்று நினைத்துப் பயந்து, பதில் எழுதாமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிடுகிறவர்கள்தான் வீணாக மாட்டுப்படுகிறார்கள். கடிதத்தில் பதிலுக்குக் கடைசித் திகதி போட்டிருக்கும். அதற்குள் எழுத்தில் பதில் கொடுத்து, பிரதியில் கிடைத்த திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.