அப்பா எழுதிய பெயர்

அம்மாவின் பென்ஷன் நின்றுபோனது எங்களுக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. பாஸ்புக் பதியப் போனால் டிசம்பர் வரவு இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று பதிவாகவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. ரேகை மெஷினில் விரலை நாலைந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "பெறகு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா எங்களிடம் சொல்லவில்லை.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1987 ஜூலையில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது அவரும் போனார். 1988இல் யாழ்ப்பாணப் பக்கம் நடந்த சண்டையில் இறந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. உச்சிப்புளிப் பக்கம் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரையிலிருந்து உயிர் பிழைத்து வந்த சனம் மண்டபம் அகதி முகாமில் இருந்தது. எங்கள் வீட்டு ஆள் அந்தக் கரைக்குப் போய் இறந்திருந்தார். யாரிடம் போய் அழுவது என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையாம். உடல் வரவில்லை. முதலில் தந்தி வந்தது, பிறகு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே வந்திருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொடுத்தார். "தங்கச்சி, பயப்படாத. பிபிஓ இருக்கா?" என்றார். பென்ஷன் வழங்கும் உத்தரவுத் தாளைத்தான் அப்படிச் சொல்வார்கள். இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி.

முதலில் அது எந்த வகைப் பென்ஷன் என்று பார்த்தார். இது பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இன்றைய விதிப்படி சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியின் காரணமாக இறந்திருந்தால் 60. போர் நடவடிக்கையில் இறந்தவர் குடும்பத்துக்கு 'லிபரலைஸ்டு' பென்ஷன், கடைசிச் சம்பளம் முழுவதும். அம்மாவுடையது அதுதான். அதில் குறை இல்லை.

விரல் ரேகை போக, குறை பெயரிலும் இருந்தது. தாத்தா வைத்த பெயர் ஆதாரில். பிபிஓவில் இருந்தது வேறு பெயர், அப்பா மட்டும் அம்மாவைக் கூப்பிட்ட பெயர். கல்யாணம் முடிந்து படிவம் எழுதும்போது அதையே எழுதியிருக்கிறார். இத்தனை வருஷமும் வங்கியில் முகம் பார்த்துப் பணம் கொடுத்தார்கள், யாரும் கேட்கவில்லை. கணக்கு, படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் என்ற இணையத் தளத்துக்கு மாறியபின், இரண்டு பெயரும் ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது.

அப்புறம் அலைச்சல். தாசில்தாரிடம் 'இருவரும் ஒருவரே' சான்று, ஆதார், பான், பாஸ்புக் நகல், நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம்.

பிரமாணப் பத்திரம் தயாரான அன்றைக்கு டைப் செய்தவர் உரக்கப் படித்துக் காட்டினார். "மனுதாரரின் பெயர் தவறுதலாகப் பதியப்பட்டுள்ளது" என்று வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

"தப்புன்னு எழுதாதீங்க தம்பி. அவுக தப்பா எழுதல."

அம்மா வெளியிடத்தில் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டைப் செய்தவர் ஹவில்தாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். 'என்கிற' என்று போட்டு இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதினார்கள். சட்டப்படியும் அதுதான் சரி என்று நோட்டரி சொன்னார்.

எல்லாவற்றையும் நல அலுவலகத்தின் கடிதத்தோடு நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ஆவணக் காப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அவர்கள் சரிபார்த்துப் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் திருத்திய பிபிஓ வரும். காத்திருந்த மாதங்களில் நானே இரண்டு தடவை ராமநாதபுரம் போய்க் கேட்டேன். 

மே மாதக் கடைசியில் திருத்தம் வந்தது. மறுபடி வாழ்நாள் சான்று. மறுபடி விரல். அன்றுதான் அம்மாவின் விரல்நுனிகளை வெளிச்சத்தில் பார்த்தேன். கோடே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. பென்ஷன் முதலில் கைக்கு வரும்வரைக்கும், அது போதாத வருஷங்களிலும், அம்மா கடலில் பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி, பாறையில் ஒட்டியதைப் பிடுங்க வேண்டும். துணியையும் தாண்டிப் பாறை அறுக்கும். ரேகை எங்கே இருக்கும்?

ரேகை விழாதவர்களுக்கு, வாழ்நாள் சான்றை இணையத்தில் பதியும் அரசின் ஜீவன் பிரமானில் முகத்தைக் காட்டிப் பதியும் வழி இருக்கிறது. செல்போனில் இரண்டு நிமிஷ வேலை. வயதானவர்களை வைத்திருப்பவர்கள் நவம்பரில் அதையே கேளுங்கள், விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஜூனில் நிலுவை மொத்தமாக ஏறியது. திருத்திய பிபிஓ என் பீரோவில் இருக்கிறது. பழையதை அம்மா தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.