எக்ஸாஸ்ட் வால்வு ஒருவழியா மண்ணெண்ணெய நிறுத்திட்டு

இஞ்சின் ஹெட்ட (சிலிண்டர மேல மூடுற வார்ப்பு, வால்வெல்லாம் இதுலதான்) கவுத்திப் போட்டு, இஞ்செக்டர் (டீசல் பீச்சுற குழல்) ஓட்டைய அடைச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க விட்டேன். காலைல வால்வுக்குப் பின்னாடி புகை போற போர்ட்டுக்குள்ள விரல விட்டா காஞ்சு கெடக்கு. ரெண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு (புகைய வெளிய விடுறது) ஒழுகுதுன்னு நான் இதுக்கு முன்னாடி பொலம்புனத படிச்சவங்களுக்கு இதோட அருமை தெரியும். டீசல் ஊத்தி டெஸ்ட் பண்ற ஆளுங்களும் உண்டு, அது கொஞ்சம் கெட்டி, சின்ன லீக்க மறைச்சிரும். மண்ணெண்ணெய்தான் கறாரு.

புதுசா வாறவங்களுக்கு: குளச்சல் பக்கம் ஒரு பழைய வள்ளத்துல இருந்து கழட்டிப் போட்ட ரெண்டு சிலிண்டர் இஞ்சின், சிலிண்டருக்கு ஒரு ஹெட்டு, கடல் தண்ணி நேரா உள்ள ஓடுற கூலிங். பேர் பிளேட்ட துரு தின்னுட்டு.

பிரச்சனை சீட்டுல (வால்வு உக்காருற வளையம்) இல்ல, கைடுலன்னு (வால்வு தண்டு ஏறி எறங்குற குழல்) நான் மொதல்லயே சொன்னேன். லேத்துக்கார அண்ணாச்சி ஒத்துக்கிடல, "சீட்டு போச்சுடே, வெட்டி விட்டுருவோம், ஒரு மணிக்கூர் வேலை"ன்னு நிக்காரு. வால்வ சீட்டுல இருந்து கொஞ்சம் தூக்கி வச்சு, ஓரத்துல டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளு ஓடிக் காட்டுற மானி) முனைய முட்டக் குடுத்து ஆட்டிக் காட்டுனேன், முள்ளு அங்கயும் இங்கயும் ஓடுன ஓட்டத்த பாத்துட்டு மனுஷன் பேச்ச நிறுத்திட்டாரு. கைடோட போர்ட் பக்க வாய் நல்லா அகண்டு போயிருக்கு. இப்படி இருக்கும்போது எவ்வளவு அரைச்சாலும் வால்வு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சு உக்காரும், ப்ளூ (எங்க முட்டுதுன்னு காட்டுற நீல மை) போட்டு பாத்தா ஒரு பக்கம் அகலமாவும் எதிர்ப்பக்கம் அறுந்தும் நிக்கும். சீட்ட வெட்டுற கட்டரோட பைலட்டும் (நடுத்தண்டு) அதே கைடு ஓட்டைலதான் நிக்கும், அப்போ கைடு மாத்தாம சீட்ட வெட்டுனா கோணலாத்தான் வெட்டும். இத எத்தன பேருகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது சவம்.

கைடு ரெடிமேடா கெடைக்கல, வார்ப்பிரும்புல கடைஞ்சு வாங்குனேன். அதுக்குத்தான் காலம் போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டம் பக்கம் மீன்பிடி தடைக்காலம், ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம். ரெண்டு கரையும் சேந்து நம்ம மாவட்டத்துல லேத்துக்காரங்களுக்கு மூச்சு விட நேரம் கெடையாது, விசைப்படகு ஹெட்டெல்லாம் வாசல்ல வரிசைல கெடக்கும்போது பொழுதுபோக்குக்கு இஞ்சின் பிரிச்சவன எவன் கவனிப்பான். தப்பும் சொல்ல முடியாது, அவங்களுக்கு அது சோறு. அடுத்த தடவ ஹெட்டு வேலைய ஆகஸ்ட்டுக்குப் பொறவுதான் கையில எடுப்பேன்.

கைடு ஏத்துறதுக்கு மொதநாளே பாலித்தீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல நெத்திலிக்குப் பக்கத்துல வச்சாச்சு (வீட்டுல என்ன நடந்துதுன்னு எழுத மாட்டேன்), ஹெட்ட கொதிதண்ணில போட்டு சூடாக்கி அடிச்சு எறக்குனா சத்தமில்லாம எறங்குது. அடிச்சதும் உள்வட்டம் கொஞ்சம் சுருங்கும், ரீமர் (ஓட்டைய அளவுக்கு சீவுற கருவி) கண்டிப்பா விடணும், எக்ஸாஸ்டுக்கு இன்லெட்ட விட கொஞ்சம் கூடவே கேப் வேணும், ஸ்டெம் (வால்வு தண்டு) சூடுல வீங்கும்லா.

அப்புறம் 45 டிகிரி சீட்டு, மேல 30, உள்ள 60 வச்சு அகலத்த 2 மில்லிமீட்டர் கிட்ட கொண்டு வந்தேன். எக்ஸாஸ்ட் வால்வு வாங்குற சூட்டுல பெரும்பங்கு இந்த வளையம் வழியாத்தான் ஹெட்டுக்கு எறங்கணும், ரொம்ப ஒல்லியா விட்டா வால்வு எரியும், ரொம்ப அகலமா விட்டா கரி ஒட்டி லீக் ஆவும்.

இனி அரைப்பு, வால்வையும் சீட்டையும் அரைக்கிற பேஸ்ட் போட்டு உரசிப் பொருத்துறது. ட்ரில் மெசின்ல மாட்டி கிர்ருனு சுத்துறவங்கள எனக்கு ஆகாது, பேஸ்ட் கோடு கோடா வட்டம் போட்டுரும். கம்பு, ரப்பர் கப்பு, ரெண்டு உள்ளங்கை, போதும். வால்வுக்கு அடியில ஒரு மெல்லிசு ஸ்பிரிங் போட்டுக்கிட்டா கைய தளர்த்துனதும் தானா தூக்கும், அந்த நேரத்துல கால் வட்டம் திருப்பி வச்சு மறுபடி உருட்டணும். ஆரம்பத்துல கரகரன்னு மணல் மாதிரி சத்தம், அது அடங்கி வழவழன்னு ஆனா பேஸ்ட் செத்துட்டுன்னு அர்த்தம், தொடச்சிட்டு புதுசு போடணும். நைஸ் பேஸ்ட்டுல முடிச்சதும் வெயில்ல திருப்பிப் பாத்தா பளபளப்பே இல்லாத சாம்பல் கலர் வளையம், எங்கயும் அறுபடாம, வால்வு முகத்துக்கு நடுவுல. கொள்ளாம்னு நானே சொல்லிக்கிட்டேன். அந்த ரப்பர் கப்பு மட்டும் எண்ணெய் பட்டா புடுங்கிட்டு வரும், நாகர்கோவில்ல வாங்குனது மகா மட்டம், கொல்லத்துல வாங்குனது பரவால்ல.

இஞ்செக்டர் மாட்டும்போது ஒண்ணு, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க. கழட்டும்போது பழைய செம்பு வாஷர் அடியிலேயே ஒட்டிக் கெடக்கும், அதுக்கு மேல புதுச போட்டா நாசில் (இஞ்செக்டர் முனை) நிக்க வேண்டிய எடத்த விட்டு மேல ஏறி நிக்கும், பொறவு புகை ஏன் வருதுன்னு பம்ப்ப போட்டு நோண்டிக்கிட்டு இருப்போம். புது வாஷர் இல்லன்னா பழச சிவக்கச் சுட்டு தண்ணில போட்டு எடுத்தா மெதுவாயிரும், போட்டுக்கலாம்.

ஹெட்டு தண்ணிப்பாதைல உப்பும் சுண்ணாம்பும் கல்லாட்டம் படிஞ்சு கெடந்துது, பாதிதான் வந்திருக்கு. 60 டிகிரி தாண்டி ஓட்டுனா இது வேகமா படியும், அதனாலதான் கடல் தண்ணி நேரா ஓடுற இஞ்சின ஆற விட்டே ஓட்டுறது. எனக்கு என்னமோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒண்ணு மாட்டி உள்ள நல்ல தண்ணி ஓட விட்டா என்னன்னு யோசனை, நீண்டகரை பக்கம் பழசு ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன், அடுத்த வாரம் ஒரு எட்டு போய்ப் பாக்கணும். தண்ணி பம்ப்பு இம்பெல்லரும் (தண்ணிய தள்ளுற சக்கரம்) எறகு எல்லாம் ஒரு பக்கமா மடங்கி செத்துக் கெடக்கு, அதுவும் அங்கயே பாக்கணும்.

மொத சிலிண்டர் ஹெட்ட இன்னும் தொடவே இல்ல. அதுலயும் கைடு ஆடுது. கேஸ்கெட்டு (ஹெட்டுக்கு அடியில வைக்கிற தகடு) செம்புல வெட்டித் தாற ஆளு தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, பழைய கேஸ்கெட்டு அளவுக்கு வச்சிருக்கேன்.