குமுளி மலையும் வலது முன் சக்கரமும்

குமுளி மலை இறங்கும்போது வரும் கருகல் வாடை இந்தப் பாதையில் போய் வருகிற எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டி இறங்கும் இரவுகளில் மலை அடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் அந்த வாடை நிற்கும். பிரேக் காய்கிற வாடை. போன வருஷம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம் முன்னாலும் பின்னாலும் வேறு வண்டியே இல்லாத நேரத்தில் அது வந்தது. என் வண்டியிலிருந்துதான் வருகிறது என்று புரிய இரண்டு வளைவு ஆனது.

என் வீடு கூடலூரில். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். வேலை குமுளியில், ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு தவிர தினமும் ஏறி இறங்க வேண்டும், அதற்காகத்தான் ஒரு 2009 ஆல்டோவை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

அன்றைக்குப் பெரியாறு தண்ணீரைக் கீழே மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள் இருக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று சக்கரம் சாதாரணச் சூடு. வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையே வைக்க முடியவில்லை, அடுப்பு மாதிரி அனல். அரை மணி நேரம் ஆற விட்டு, இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறக்கி வீடு வந்து சேர்ந்தேன்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த ஒரு வருஷத்துக்குள், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடை ஒரே பட்டறையில் இரண்டு முறை மாற்றியிருந்தேன். கேட்டதற்கு, "மலையில ஓட்டினா அப்படித்தான்மா தேயும்" என்றார்கள். நானும் சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மலை நான்கு சக்கரத்துக்கும் ஒரே மலைதானே, ஒரு சக்கரம் மட்டும் ஏன் தின்கிறது என்ற கேள்வியை அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறுவார், சித்ரா பௌர்ணமி அன்று குமுளியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போவார். அந்தக் காட்டுப் பாதையில் ஜீப் இறக்கியவருக்கு பிரேக் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. "தினமும் மலை இறங்குற பொழப்பு. சக்கரத்தைக் கழட்டி ஒரு நாளாவது பார்த்திருக்கியா பாப்பா?" என்றார். இல்லை என்றேன். முழங்கால் வலியால் அவரால் குத்தவைத்து உட்கார முடியாது. அதனால் அடுத்த ஞாயிறு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கை வைத்ததெல்லாம் நான்தான். அவருக்கு முழங்கால் நன்றாக இருந்திருந்தால் அவரே செய்து முடித்திருப்பார், நான் டீ போட்டுக் கொடுத்திருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முதல் பாடம் ஜாக்கி. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் லூஸ் செய்துவிட வேண்டும், தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஆடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தரை சமமாக இருக்கிற இடத்தில்தான் தூக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. இதில் மாமா ரொம்பக் கறார், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் வாங்கி வராமல் ஆரம்பிக்கவே விடவில்லை. நான் வாங்கிய முதல் சாமான் ஸ்பேனர் இல்லை, ஒரு ஜோடி ஸ்டாண்ட்தான்.

சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே மடக்கினால் இரண்டு பேடும் கையில் வந்துவிட்டன. உள்பக்கத்துப் பேடு இரும்பைத் தொடப் போகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்துப் பேடு பாதிக்கு மேல் மீதி. இரண்டும் ஒன்றாகப் போட்டவை. மாமா எழுந்துகூடப் பார்க்கவில்லை. "பின்னு பிடிச்சிருக்கும், இழுத்துப் பாரு" என்றார்.

அந்தப் பின்தான், காலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பிதான், விஷயம். இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பெடலை மிதித்தால் அது உள் பேடைத் தள்ளும், பிறகு காலிப்பர் முழுக்க இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடையும் டிஸ்க்கோடு சேர்க்கும். காலை எடுத்ததும் அதே பின்களின் மேல்தான் தளர வேண்டும். என் வண்டியில் ஒரு பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்து, தண்ணீர் போய், கிரீஸ் காய்ந்து, அந்தப் பின் துருவோடு இறுகிக் கிடந்தது. அதனால் காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது, மலை ஏறும்போதும்கூட. இரண்டு முறை பேடு மாற்றியவர்கள் பின்னை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பத்து நிமிஷ வேலை.

குமுளியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மலையாளி, தமிழும் பேசுவார். "சேச்சி, சாதா கிரீஸ் வேண்டா, ரப்பர் ஊதிப் போகும், பிரேக் கிரீஸ் எடுங்க" என்று அவராகவே சொல்லித் தந்தார். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பி மறுபடியும் பின்னைப் பிடித்துக்கொள்ளும். புதுப் பூட், புதுப் பேடு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுத்த அதே பழைய பின். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்க்க வேண்டும், அந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்தோம். அப்புறம் ஒன்று, பேடுத் தூளை வாயால் ஊதக் கூடாது, பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். எல்லாம் பூட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல முறை மிதித்து இறுக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் மிதியில் அது தரை வரைக்கும் போனது. மாமா சொல்லியிருக்காவிட்டால் நான் அப்படியே தெருவில் இறக்கியிருப்பேன், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதற்கடுத்த வாரம், மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பிரேக் ஆயிலை மாற்றினோம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் திறந்து வைத்த டப்பாவை மறுபடி பயன்படுத்தக் கூடாது. டாட் 3 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. கிட்டத்தட்ட 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, 155. மலை இறக்கத்தில் ஒரு சக்கரம் காய்ந்து அந்தச் சூடு ஆயிலுக்குப் போனால் உள்ளே ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அன்று சாயங்காலம் நான் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தேன் என்பது இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. என் மகன் பெடலில், நான் சக்கரத்தில். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். "அழுத்திப் பிடி" என்றதும் பழைய ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடி, "இப்ப விடு". டியூபில் இறங்கி வந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, எத்தனை வருஷமாக அப்படியே கிடந்ததோ.

டைமிங் பெல்ட், கியர் பாக்ஸ் எல்லாம் இப்போதும் பட்டறைக்குத்தான். டிஸ்க் கடைசல் பிடிக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் இப்போது வேறு பட்டறை, பின்னைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் கூப்பிட்டுக் காட்டுகிறவர். மலை இறங்குகிற எல்லாரும், முக்கியமாக வண்டி என்றால் கணவரிடமோ அண்ணனிடமோ விட்டுவிடும் பெண்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரம் ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு பின் சக்கரத்து டிரம் பிரேக். அதில் ஸ்பிரிங் நிறைய, எது எங்கே மாட்டியிருந்தது என்று மறந்துபோகுமாம். "ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம் திறக்கணும், பார்த்து மாட்ட ஒரு பக்கம் இருக்கணும்ல" என்று மாமா இப்போதே சொல்லிவிட்டார். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.