மேலாளரின் முதல் பதில்

ஊழியர்களின் ஈடுபாடு குறைந்துவிட்டதென ஆண்டுக் கூட்டத்தில் கவலைப்படுகிற நிறுவனங்கள், அது அன்றாடம் எங்கே கரைகிறது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஊழியர் ஈடுபாடு பற்றிய ஆய்வில் முன்னோடியான தம் 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவன நடத்தை ஆய்வாளர் வில்லியம் கான், செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பது, மனத்தில் பட்டதை அச்சமின்றிச் சொல்ல முடிவது, அதற்கான தெம்பு எஞ்சியிருப்பது என ஈடுபாட்டுக்கு வேண்டிய மூன்று நிலைகளைச் சுட்டினார். இவற்றுள் இரண்டாவது பெரும்பாலும் மேலாளரின் கையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், கணக்கில் நேர்ந்த பிழையைத் தானாகவே வந்து சொன்ன இளைஞரிடம், மேலாளர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “இதைக்கூடப் பார்க்க மாட்டீர்களா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அதன்பின் அந்தப் பிரிவின் பிழைகள், வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரியவந்தன. அடுத்து வந்தவர் பெரிய சீர்திருத்தம் எதையும் செய்துவிடவில்லை (பாராட்டு விழா, பரிசுக் கூப்பன் ஆகியவற்றில் எனக்கும் நம்பிக்கை குறைவு). யாராவது மேசையருகே வந்து நின்றால் தட்டச்சை நிறுத்திவிட்டு, “எப்போது தெரிந்தது, இப்போது என்ன செய்யலாம்?” என்று கேட்பார். மூன்றே மாதத்தில், அதே இளைஞர் வாராந்திரக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசத் தொடங்கியிருந்தார்.